முனீஸ் மெக்கானிக் ஊட்டுக்கு எடுத்த ஜாப் ஒர்க்

அனுப்பர்பாளையத்துல எங்க கம்பெனில முனீஸ் மெக்கானிக்கத் தெரியாத ஆளே கிடையாதுங்க. லைன்ல ஒரு ஓவர்லாக் மிஷின் மக்கர் பண்ணுச்சுன்னா டெய்லர் எந்திரிச்சுப் போயி அவரக் கூப்பிட வேண்டியதில்ல. இருவது மிஷின் சத்தத்துக்குள்ள ஒரு சத்தம் மாறுனா அவரு காதுக்குக் கேட்டிரும், தானா வந்து நிப்பாரு. ஊசிக்கும் அதுக்குக் கீழ நூலப் புடிக்கற லூப்பருக்கும் நடுவுல ஒரு முடி அளவுதான் கேப் இருக்கணும். கூடுனா தையல் விட்டுப்போயிரும், கொறஞ்சா ஊசி ஒடஞ்சிரும். அந்தக் கேப்ப அவரு கண்ணுல பாத்து வெரல்ல வெப்பாரு. அருப்புக்கோட்டைப் பக்கத்துல இருந்து பதினெட்டு வயசுல திருப்பூர் வந்தவரு, இருவது வருசமா அந்த வெரல நம்பித்தான் எங்க ஷிப்மென்ட் எல்லாம் போச்சு.

2008 தை மாசம் அவரு வலது கை கட்ட வெரலு தானா ஆட ஆரம்பிச்சுது.

மொதல்ல யாருகிட்டயும் சொல்லல. டீ கிளாஸ எடது கைல புடிச்சுக்குவாரு. ஸ்க்ரூ டிரைவர ரெண்டு கைலயும் புடிப்பாரு. ஆவணி மாசம் ஒரு நாள் மத்தியானம் என்ற ரூமுக்கு வந்தாரு. நான் அதே கம்பெனிதானுங்க, பேரு அக்ஷரா. ஒரு பனியனுக்கு துணில எந்தப் பீஸ எங்க வெட்டுனா துணி வீணாகாதுன்னு கம்ப்யூட்டர்ல வரைஞ்சு குடுக்கற வேல. கம்பெனில நெட் கனெக்ஷன் இருக்கற ரெண்டு ரூம்ல ஒண்ணு என்னுது.

"தாயி, இந்தப் பேர உன் பெட்டில போட்டு என்னன்னு படிச்சுச் சொல்லு."

கோயமுத்தூர் டாக்டர் எழுதிக் குடுத்த சீட்டு. பார்க்கின்சன்னு இருந்துச்சு, கை கால் நடுக்கம் வருசா வருசம் கூடிட்டே போற வியாதி. முப்பத்தெட்டு வயசுதானுங்க அவருக்கு. அவரு ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்துட்டாரு, படின்னு. படிச்சேன். மூளைக்குள்ள ஒரு புரோட்டீன் மடிய வேண்டிய மாதிரி மடியாம தப்பா மடிஞ்சு சேந்துக்குது, அதனால இது வரலாம்னு ஆராய்ச்சி பண்றவங்க நெனைக்கறாங்கன்னு ஒரு பக்கத்துல போட்டிருந்துச்சு. அதுக்குக் கீழயே இன்னொண்ணு. புரோட்டீன் எப்பிடி மடியுதுன்னு கணக்குப் போட்டுப் பாக்க ஒரு கம்ப்யூட்டர் பத்தாது, அதனால அந்தக் கணக்க சின்னச் சின்னத் துண்டா வெட்டி உலகம் பூரா ஊடுகள்ல இருக்கற கம்ப்யூட்டருக்கு நெட்டு வழியா அனுப்பறாங்க, அவங்கவங்க ஊட்டு மிஷின் அத முடிச்சுத் திருப்பி அனுப்பும், யாரு வேணா சேரலாம்னு இருந்துச்சு. நான் காலேஜ்ல இருந்தே இந்த மாதிரி விசயத்துக்குப் பைத்தியம், வேகவேகமா சொல்லிட்டே போனேன். அவரு கைய நீட்டி நிறுத்துனாரு.

"இது ஜாப் ஒர்க்குத்தான தாயி."

"என்னங்கண்ணா?"

"நூலு ஒருத்தர்ட்ட, நிட்டிங் ஒருத்தர்ட்ட, சாயம் ஒருத்தர்ட்ட, காஜா பட்டன் இன்னொருத்தர்ட்ட. எவன் வீட்லயும் முழுப் பனியன் கெடையாது. ஆனா ஜெர்மனில ஒருத்தன் முழுப் பனியன் போட்டுட்டுப் போறாம்ல. அதே கததான."

நாலு வருசம் நான் இதப் பத்தி படிச்சிருக்கேன். இத்தன சுளுவா எனக்குப் புரிஞ்சதே இல்லீங்க.

"அண்ணா, இதச் செஞ்சா உங்க கை சரியாயிரும்னு நெனச்சுக்காதீங்க. எத்தன வருசம் ஆகுமோ, ஆகாமயே போனாலும் போயிரும்"னு சொன்னேன். பொய் சொல்லக் கூடாதில்லீங்களா.

"நான் செட் பண்ணுன மிஷின்ல தச்ச பனியன என்னிக்காச்சும் நான் போட்டிருக்கனா?" அவ்வளவுதான் கேட்டாரு. அப்பறம், "அந்தத் துண்டு வேலைல நானும் ஒரு லாட் எடுக்கேன். எந்த மிஷின் வாங்கணும்னு பாத்து வையி. தீவாளி போனஸ் ஒரு தடவதான் வரும். ஒரே மிஷின்தான். தப்புனா அடுத்தது கெடையாது."

அவரு சம்சாரம் சித்ராதேவி அக்கா எங்க கம்பெனிலயே செக்கிங் செக்சன். தச்சு வர்ற பனியன விரிச்சுப் போட்டு ஓட்டை, கறை, தையல் விட்டது எல்லாம் பாக்கறவங்க. அவங்க கண்ணுக்குத் தப்பி ஒரு பீஸ் வெளிய போனதில்ல. விசயத்தக் கேட்டுட்டு, கைல இருந்த பனியனக் கீழ வெக்காமயே சொன்னாங்க.

"மாத்திர போடவே நான் ஞாபகப்படுத்தணும். இவரு ஊர்ல உள்ளவன் மூளைக்கெல்லாம் கணக்குப் போடப் போறாராம்."

சுத்தி இருந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க, முனீஸ் அண்ணனும் சிரிச்சாரு. ஆனா அக்கா மனசுல வேற ஓடிட்டிருந்துச்சு. அருப்புக்கோட்டைல அவங்க அண்ணன் மளிகைக் கட வெச்சிருக்காரு. அங்க போயிரலாம், இவரு கல்லாவுல உக்காந்துக்கட்டும்கறது அவங்க எண்ணம். கை இன்னும் மோசமானா திருப்பூர்ல யாரு பாப்பாங்கன்னு பயம். அந்தப் பயத்துல தப்பே இல்லீங்க. அண்ணனுக்கு வேற பயம். "உக்கார வெச்சிட்டா நான் அப்பிடியே உக்காந்துருவேன் தாயி"ம்பாரு.

கடைசில அக்காவே ஒரு கணக்கு சொன்னாங்க. "பொங்கலுக்குள்ள வரிசையா பத்து பீசு. ரிஜெக்ட் இல்லாம டெலிவரி ஆகணும். நடுவுல ஒண்ணு ரிஜெக்ட்டுன்னாலும் திரும்ப ஒண்ணுல இருந்துதான் எண்ணுவேன். பத்து வந்தா இங்க இருப்போம். இல்லாட்டி ஊருக்கு."

"சரி"ன்னாரு அண்ணன். பேரம் பேசல.

இதுல ரிஜெக்ட்டுன்னா என்னன்னு சொல்லிர்றேன். அனுப்பற ஒவ்வொரு துண்டு கணக்குக்கும் ஒரு கடைசித் தேதி உண்டு. அதுக்குள்ள முடிச்சு அனுப்பலீன்னா அத இன்னொருத்தருக்குக் குடுத்துருவாங்க, நம்ம செஞ்சது வீண். திருப்பூர்க்காரங்களுக்கு இத வெளக்கவே வேண்டாம்.

நான் தேட ஆரம்பிச்சேன். எனக்கு வேகம்தானுங்க முக்கியம். அப்ப இருந்ததுலயே வேகம்னா பிளேஸ்டேஷன் 3. வெளையாட்டுப் பொட்டிதான், ஆனா அந்தக் கணக்கு அதுல அசுர வேகத்துல ஓடும்னு எல்லாப் பக்கத்துலயும் எழுதியிருந்துச்சு. எங்க மொதலாளி ரத்தினசாமி அய்யா பையன் ஒண்ணு வெச்சிருந்தான், பரிச்சைன்னு அத அலமாரில வெச்சுப் பூட்டியிருந்தாங்க. அய்யாகிட்டப் போயி ஒரு வாரத்துக்குக் கேட்டேன்.

"முனீசுக்கா? எடுத்துட்டுப் போ கண்ணு. அது எங்கூட்டுல இருந்தா இவன் பாஸாக மாட்டான்."

அண்ணன் ஊடு ஒரு நிட்டிங் யூனிட்டுக்கு மேல, மாடில ஒத்த ரூம். கீழ மிஷின் ஓடற சத்தத்துக்கு அங்க வாடக கம்மி. அங்க போன் லைன்ல ஒரு நெட் கனெக்ஷன் வாங்கி, பொட்டிய டிவில மாட்டி ஓட விட்டோம். திரைல புரோட்டீன் கலர் கலரா நெளிஞ்சுது. அக்கா கூட சோறு வடிக்கறத விட்டுட்டு வந்து பாத்தாங்க. நாப்பது நிமிசத்துல கரண்ட் போச்சு.

அந்த வருசம் கரண்ட் கட்டு எப்பிடின்னு இங்க இருந்தவங்களுக்குத் தெரியும். ரெண்டு மணி நேரம் சொல்லிட்டுப் போகும், சொல்லாம எத்தன நேரம்னு கணக்கில்ல. கரண்ட் வந்ததும் அந்தப் பொட்டி தானா எந்திரிக்காது. முன்னாடி பட்டனத் தொடணும், அப்பறம் கைல புடிக்கற கண்ட்ரோலர்ல தள்ளித் தள்ளி அந்த இடத்துக்குப் போகணும். அண்ணன் வெரலு ஆடுனதுல அது வேற எங்கெங்கயோ போச்சு. மூணு தடவ பாத்தும் அப்பிடியேதான். அவரு கண்ட்ரோலரக் கீழ வெச்சிட்டு, "பையன்ட்ட திருப்பிக் குடுத்துரு தாயி"ன்னாரு.

அடுத்து என்ற ரெண்டாவது ஆச. சாதாரண கம்ப்யூட்டர்ல பெரிய கிராஃபிக்ஸ் கார்டு போட்டு, அந்தக் கார்டுல கணக்க ஓட்டறது. அந்த வருசம்தான் புதுசா வந்திருந்துச்சு. தீவாளி போனஸ் குடுத்த அன்னிக்கே போயி வாங்கிட்டோம். அய்யா கம்பெனில ஒதுக்கிப் போட்டிருந்த ஒரு பழைய இன்வெர்ட்டரையும் பேட்டரியோட குடுத்தாரு. பாக்க ராஜா மாதிரி இருந்துச்சுங்க அந்தக் கம்ப்யூட்டர். ஆனா கார்டு தின்னற கரண்டுக்கு அந்தப் பழைய பேட்டரி இருவத்தஞ்சு நிமிசம்தான் தாங்குச்சு. கார்டுக்கு வர்ற கணக்குக்கு கடைசித் தேதி வேற ரொம்பக் கிட்ட. ஏழு எடுத்தோம், அஞ்சு லேட்டு.

"அஞ்சு ரிஜெக்ட்"னு அக்கா காலண்டர்ல கோடு போட்டு வெச்சாங்க. "எங்க செக்கிங்ல இப்பிடி ஒரு டெய்லர் வந்தா மத்தியானச் சோத்துக்கு முன்னயே அனுப்பிருவோம்."

தீவாளிக்கு திருப்பூரே காலி ஆயிரும். கம்பெனி பத்து நாள் லீவு. இருவது வருசத்துல மொதத் தடவ அண்ணன் ஊருக்குப் போகாம மிஷின் பக்கத்துலயே இருந்தாரு. ஆனா லீவுக்கு முன்னாடி கீழ நிட்டிங்ல ராத்திரி பகலா ஓட்டியிருந்தாங்க. அந்தப் பஞ்சு பூரா மேல ஏறி கம்ப்யூட்டர் ஃபேனுக்குள்ள போயி அப்பிக்கிச்சு. சூடு ஏறி அதுவே நிக்க ஆரம்பிச்சுது. அவரு எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம். ஆனா பஞ்சு அடைச்ச மிஷின எப்பிடி சுத்தம் பண்றதுன்னு திருப்பூர் மெக்கானிக்குக்கு யாரு சொல்லித் தரணும்? கம்பெனி தொறந்த அன்னிக்குக் காலைல மொத ஆளா வந்தாரு, கம்ப்யூட்டரத் தோள்ல தூக்கிட்டு. மூடியக் கழட்டி, பஞ்சு ஊதித் தள்ள காத்தடிக்கற ஏர் கன்ன எடுத்து உள்ள விட்டு அடிச்சாரு.

காத்தோட தண்ணியும் சேந்து அடிச்சுது.

ஏர் கம்ப்ரசர் டேங்க்ல காத்துல இருக்கற ஈரம் தண்ணியாச் சேரும். தெனமும் காலைல அடில வால்வத் தொறந்து அத வடிக்கணும். இருவது வருசமா அத வடிச்சது அவருதான். பத்து நாள் லீவு, விடாத ஐப்பசி மழ, டேங்க்ல தண்ணி தேங்கிக் கெடந்துச்சு. அன்னிக்கு அவரு வடிக்கல. மிஷின் மேல இருந்த அவசரத்துல மறந்துட்டாரு. தொடச்சு, காய வெச்சு, மறு நாள் போட்டா கார்டு செத்துப்போச்சு.

நான் அழுதுட்டேங்க. சும்மா சொல்லல, என்ற ரூம்ல உக்காந்து அழுதேன். அக்கா ஒரு வார்த்த திட்டல. காலண்டரப் பாத்தாங்க, அப்பறம் அடுப்புப் பக்கம் போயிட்டாங்க. அதுக்கு அவங்க திட்டியிருக்கலாம்.

மூணாவது நாள் அண்ணன் என்ற ரூமுக்கு வந்து அதே ஸ்டூல்ல உக்காந்தாரு.

"கார்டு போச்சு. மத்ததெல்லாம் இருக்குல்ல?"

"இருக்குங்கண்ணா. ப்ராசசர் இருக்கு. அதுலயும் கணக்கு ஓடும். ஆனா ஆம வேகம். ஒரு பீஸுக்கு அஞ்சாறு நாள் ஆயிரும்."

"அதுக்கு டெலிவரி தேதி எப்ப?"

பாத்தேன். "ஒரு மாசத்துக்கு மேல குடுக்கறாங்க."

"பேட்டரி?"

கார்டு இல்லாம கணக்குப் போட்டேன். "ரெண்டே கால் மணி நேரம் வரும்ங்கண்ணா." சொல்லும்போதே எனக்குப் புரிஞ்சிருச்சு.

"எது வேகம்னு பாத்தோம் தாயி. அதான் தப்பு. என் கை இல்லாம எது ஓடும்னு பாத்திருக்கணும்." கைய மேஜ மேல வெச்சுக் காட்டுனாரு. அது பாட்டுக்கு ஆடிட்டிருந்துச்சு. "இன்னும் ரெண்டு வருசத்துல இது மவுசப் பிடிக்காது. அப்பவும் லாட் போகணும். அதுக்குத் தக்கன ஒண்ணு பண்ணு."

அதுக்கப்பறம் நான் பாத்த வேலையே வேறங்க. அதுல இருந்த விண்டோஸ், கரண்ட் போயி வந்தா திரைல ஒரு கட்டத்தக் காட்டிட்டு, யாராச்சும் வந்து ஓகே அமுக்குங்கன்னு உக்காந்திருக்கும். அத எடுத்துட்டு அதுக்குப் பதிலா லினக்ஸ்னு இன்னொண்ணு போட்டேன். கரண்ட் வந்தா மிஷின் தானா ஆனாகற மாதிரி உள்ள ஒரு செட்டிங் உண்டு, அத மாத்துனேன். ஆனானதும் யாரையும் கேக்காம விட்ட இடத்துல இருந்து கணக்கத் தொடரணும், முடிச்சா தானா அனுப்பணும், தானா அடுத்தத எடுக்கணும், எவ்வளவு ஓடியிருக்குன்னு தெனமும் எனக்கு ஒரு மெயிலும் போடணும். மூணு நாள் ஆச்சு எனக்கு. மானிட்டரக் கழட்டி ஓரமா வெச்சோம். கீபோர்டு கிடையாது, மவுசு கிடையாது. அண்ணன் மெயின் சுவிட்ச எறக்கி ஏத்தி, எறக்கி ஏத்தி, பதினோரு தடவ பாத்தாரு. பதினோரு தடவயும் அது தானா எந்திரிச்சுது. அவரு காத அதுமேல வெச்சுக் கேட்டாரு. "கணக்கு ஓடுறப்ப ஃபேன் சத்தம் வேற மாதிரி வருது, பாத்தியா"ன்னாரு. எனக்கு எல்லாம் ஒரே சத்தமாத்தான் இருந்துச்சு.

பஞ்சுக்குத்தான் வழி தெரியல. வாரா வாரம் ஸ்க்ரூ கழட்டி சுத்தம் பண்ண அவரு கையால முடியாது, நானும் எப்பவும் வர முடியாது. நாங்க பேசிட்டிருந்தத அக்கா வெங்காயம் உரிச்சுட்டே கேட்டுட்டிருந்தாங்க. அடுத்த நாள் சாயங்காலம் நான் போனப்ப கம்ப்யூட்டர் ஒரு சட்ட போட்டிருந்துச்சு. ஸ்போர்ட்ஸ் டீ சர்ட்டுக்குப் போடுவோமே பொடி ஓட்டை போட்ட மெஷ் துணி, அதுல காத்து உள்ள போற பக்கத்துக்கு ஒரு உறை, சுத்தி எலாஸ்டிக். இழுத்தா வந்துரும், விட்டா மாட்டிக்கும். ஸ்க்ரூவே வேண்டாம்.

"வேஸ்ட் துணிதான்"னாங்க அக்கா. "ரெண்டு தச்சிருக்கேன். ஒண்ணு தொவச்சா ஒண்ணு மாட்டலாம். எண்ணிக்க எண்ணிக்கதான், அதுல எல்லாம் சலுக கெடையாது."

அண்ணன் அந்த உறைய ஆடற கையாலயே இழுத்தாரு. வந்துச்சு. விட்டாரு. மாட்டிக்கிச்சு.

பழைய எண்ணிக்க கலக்காம இருக்க வெப்சைட்ல புதுப் பேரு பதிஞ்சேன், நவம்பர் பதினாலாந்தேதி மொத லாட் எறங்குச்சு. ஆறு நாள் கழிச்சு மொத பீஸ் போச்சு. அக்கா காலண்டர்ல ஒரு கோடு போட்டாங்க. நான் தெனமும் கம்பெனில மொத வேலயா அந்த வெப்சைட்டத் தொறந்து எங்க பேருக்கு நேரா பாப்பேன். ரெண்டு. மூணு. ஒரு நாள் நாலு மணி நேரம் கரண்ட் இல்ல, மிஷின் நின்னு போச்சு, வந்ததும் தானா எந்திரிச்சு ஓடுச்சு. அஞ்சு. ஆறு. உலகத்துல எவனெவனோ ஒரு நாள்ல அம்பது அனுப்பறான், எங்க பேரு லிஸ்ட்ல எத்தனாவது பக்கத்துல இருந்துச்சுன்னு சொல்லவே வெக்கமா இருக்கும். அண்ணனுக்கு அதப் பத்திக் கவலையே இல்ல. "நம்ம லாட் தேதிக்குப் போகுதா? அவ்வளவுதான்."

கம்பெனிலயும் இந்த நேரத்துல ஒண்ணு நடந்துச்சு. அண்ணனே போயி ரத்தினசாமி அய்யாகிட்ட கை விசயத்தச் சொல்லிட்டாரு. அய்யா அவர உக்காரச் சொன்னாரு. "கைதான நடுங்குது முனீசு, காது நடுங்கலயே. நீ எந்த மிஷின்ல என்னன்னு மட்டும் சொல்லு, ஸ்க்ரூவத் திருக இன்னொரு ஆளு போட்டுக்கலாம்." எளவட்ட மெக்கானிக்குங்க இப்ப அவரு காதுக்குப் பின்னால அலையறாங்க.

ஆனா அக்கா கணக்கு அக்கா கணக்குத்தான்.

சனவரி பன்னெண்டு. பொங்கலுக்கு பஸ் ஏறணும். ஒம்போது கோடு விழுந்திருந்துச்சு. பத்தாவது பீஸ் முக்காலுக்குக் கொஞ்சம் மேல ஓடிட்டிருந்துச்சு. இன்னும் ஒரு நாளுக்கு மேல வேணும், ஆனா ஊட்டுல ஆளு இருக்காது. ஊடு பூட்டிட்டு ஊருக்குப் போனா மெயின் சுவிட்ச எறக்கிட்டுப் போறது இங்க எல்லாருக்கும் பழக்கம். நான் வழியனுப்பப் போனப்ப அக்கா ஒரு கைல பையோட மெயின் சுவிட்ச் பக்கத்துல நின்னுட்டிருந்தாங்க.

"பூட்டுன வீட்ல கரண்ட விட்டுட்டுப் போனா தீப்பிடிச்சா யாரு பாக்கறது?"

"கீழ நிட்டிங் வாட்ச்மேன்ட்ட சாவி குடுத்திருக்கேன். அவன் பொங்கலுக்கும் இங்கதான்." அண்ணன் கதவுகிட்டயே நின்னாரு. கெஞ்சல. "உன் கணக்கு சித்ரா. எறக்குனா பத்து ஆகாது, நான் உன்கூட கடைல உக்காந்துக்கிடுதேன். அதுக்கு மறுபேச்சு கெடையாது. ஆனா எறக்குறது நீயா இரு."

அக்கா பையக் கீழ வெச்சாங்க. மிஷின் கிட்டப் போயி, உறைய இழுத்து எடுத்து, தொவச்சு வெச்சிருந்த இன்னொண்ண மாட்டுனாங்க. ஓரத்த நல்லா நீவி விட்டாங்க, பனியனுக்கு நீவற மாதிரியே.

"நாலு நாளைக்குத் தாங்கும்"னாங்க. "பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாங்க."

சாமான் ஒண்ணையும் கட்டல. பத்து வந்தா திரும்பி வர்றது, இல்லாட்டி அப்பறம் வண்டி வெச்சு எடுத்துக்கறதுன்னு பேச்சு.

பொங்கலன்னிக்கு எங்க ஊட்டுல எல்லாரும் பொங்கப் பானையப் பாத்துட்டிருக்காங்க, நான் கரண்டப் பாத்துட்டிருக்கேன். மூணு தடவ போச்சு. கம்பெனி பூட்டியாச்சு, கொமரலிங்கத்துல எங்க ஊட்டுல நெட் கிடையாது. மாட்டுப் பொங்கலன்னிக்கு பஸ் ஏறி உடுமலைக்குப் போயி, தொறந்திருந்த ஒரே பிரவுசிங் சென்டர்ல உக்காந்தேன். பக்கம் வர்றதுக்குள்ள நாலு தடவ ரெஃப்ரெஷ் அமுக்கிட்டேங்க.

எங்க பேரு. அதுக்கு நேரா பத்து. பொங்கலுக்கு மொத நாள், போகிச் சாயங்காலமே போயிருச்சு.

மிஷின் போட்ட மெயிலயும் பாத்துட்டு, வெளிய வந்து அருப்புக்கோட்டைக்குப் போன் போட்டேன். அக்காதான் எடுத்தாங்க. பின்னால கடைல யாரோ அர கிலோ சக்கர கேட்டுட்டிருந்தாங்க.

"பத்தாவது போயிருச்சுங்கக்கா. போகியன்னிக்கே."

"ரிஜெக்ட்?"

"இல்லீங்கக்கா. தேதிக்கு ரொம்ப முன்னாடியே."

அந்தச் சக்கரயப் பொட்டலம் கட்டிக் குடுத்துட்டு வந்தாங்க.

"சரி. நாங்க வர வெள்ளிக்கெழம ஆகும். அது வரைக்கும் மிஷின சும்மா நிக்க விடாத. வாட்ச்மேன்ட்ட சாவி வாங்கிப் போயி அடுத்த லாட்ட எடுத்து விடு பாப்பா."

"எடுக்க வேண்டாங்கக்கா"ன்னேன். "அதுவே எடுத்துக்கிச்சு. இருவது பர்சன்ட் ஓடிருச்சு."